மில்லி

ஒன்பதாயிரம் லிட்டர் லாரி ஓட்டுகிறவன் நான்.
கீழ்ப்பாக்கத்தில் நிரப்பி
புளியந்தோப்பு, கன்னிகாபுரம் என்று
குடங்களின் சண்டைக்குள் வண்டியைச் சொருகி
ஓஸ்பைப்பை அவிழ்த்துவிடுகிறவன்.
எனக்குத் தெரியாமல்
என் வீட்டிலேயே ஒரு தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது.

முதல் தடவை ஊசி வைத்து எடுத்தார்கள்.
ஆயிரத்து இருநூறு மில்லி.
டிக்காஷன் நிறம்.
ஸ்டூல் மேல் தலையணை போட்டு
அதில் கவிழ்ந்திருந்தாள் தேவகிருபை,
பரீட்சைக்குப் படித்தபடி தூங்கிப்போன பிள்ளை மாதிரி.
அன்றிரவு தோசை கேட்டாள். இரண்டு தின்றாள்.
பத்தாம் நாள்
மாடிப்படி ஏழாவதில் நின்றுவிட்டாள்.
இரண்டாம் தடவை தொள்ளாயிரம்.
மூன்றாம் தடவை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"குத்திக் குத்தி எடுத்துக்கிட்டே இருக்க முடியாதுங்க."
டாக்டர் மெஹருன்னிசா
சீட்டைத் திருப்பிப்போட்டுப் படம் வரைந்தார்:
நுரையீரல், விலா, நடுவே கோடு கோடாகத் தண்ணீர்.
"ஒண்ணு, மொத்தமா வடிச்சிட்டு உள்ளே பவுடர் போடுறது.
சவ்வு ரெண்டும் ஒட்டிக்கும்.
இடமே இல்லேன்னா தண்ணி எங்க சேரும்?
அஞ்சு நாள் வார்டுல இருக்கணும். சில பேருக்கு ஒட்டாது.
இன்னொண்ணு, மெல்லிசா ஒரு குழாய். அங்கயே இருக்கும்.
ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுல நீங்களே எடுக்கலாம்.
சுத்தம் முக்கியம். பாட்டில் செலவு இருக்கு."
எது நல்லது என்றேன்.
"மூச்சுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.
மத்ததெல்லாம் உங்க வீட்டைப் பொறுத்தது."

எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு.
ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
இந்தப் பக்கம் மாதம் பதினைந்து பாட்டில்.
அந்தப் பக்கம் ஐந்து நாள் சம்பளம், கேன்டீன் சாப்பாடு,
வார்டு வாசலில் நீளும் கைகள்.
பவுடர்தான் மலிவாக வந்தது.
சொன்னேன்.
பொட்டுக்கடலை மென்றுகொண்டே கேட்டாள்:
"அஞ்சு நாளுன்றியே,
எங்கிட்ட மொத்தம் எத்தனை அஞ்சு நாள் இருக்கு,
அதை எழுதினியா?"

எழுதவில்லை.

பதினெட்டு வருஷம் வால்வு திருகிய கை.
நகத்தை ஒட்ட வெட்டினேன்.
சிஸ்டர் சொன்னபடி சோப்பு, ஸ்பிரிட், கையுறை,
பிறகு எதையும் தொடாதே, மூக்கைக்கூட.
இருமினால் நிறுத்து. வலித்தால் நிறுத்து.
கதவுக்கு அந்தப் பக்கம் ஜெபா
ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருப்பான்.
இந்தப் பக்கம் அவன் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு,
"ஒன்பது ஆறு அம்பத்தி நாலுடா."
நானூறு. முந்நூற்றைம்பது.
ஒருநாள் அறுநூறு, சிவப்பாக.
நோட்டில் அளவை எழுதினேன், நிறத்தை விட்டுவிட்டேன்.
"லோடு எறக்கிட்டியா?" என்பாள் முடிந்ததும்.
"கையெழுத்துப் போடு" என்பேன்.

மே மாதம்.
தெருவில் பம்பு அடித்தால் காற்றுதான் வந்தது.
ஒன்பதாவது வாரம், எண்பது.
அடுத்து நாற்பது. இருபது.
பிறகு பாட்டிலுக்குள் ஒன்றுமே விழவில்லை.
குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால்
இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று
என்னைவிட யாருக்குத் தெரியும்.
ஆட்டோ வைத்து ஓடினேன்.

ஸ்கேனைப் பார்த்தார் டாக்டர்.
"தானாவே ஒட்டிக்கிச்சு. பவுடர் இல்லாமலே."
"வத்திடுச்சா?"
"வத்திடுச்சு" என்று சிரித்தார்.
நோய் அங்கேயேதான் இருக்கிறது என்பதையும்
சொன்னார், சிரிக்காமல்.

அன்று நாலு மணி ட்ரிப், கன்னிகாபுரம்.
கடைசிக் குடம் பாதியில்
ஓஸ் கொட்டாவி விட்டது.
"அவ்ளோதானா?" என்றாள் அந்தப் பொம்பளை.
"வத்திடுச்சும்மா" என்றேன்.
சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு.
அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள்.
நின்று முழுசாக வாங்கிக்கொண்டேன்.
வீட்டில் தேவகிருபை
ஒரே தலையணை வைத்து
மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.